நிகர எடை

புதுவயல் அரிசி மில்லில் எடைமேடை என் பொறுப்பு.
கண்ணாடி ஜன்னல், கம்ப்யூட்டர்,
பத்துப் பத்தாய் ஏறும் சிவப்பு எண்கள்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்கு எதுவும் தெரியாது.

கேபினுக்குள் கல்லை ஒளித்து
எடை கூட்டப் பார்த்த டிரைவர்களை
பதினெட்டு வருஷமாய் முகத்தை வைத்தே பிடித்திருக்கிறேன்.

தை மாசம் நெல் வரத்து உச்சத்தில்
தலை சீவினாலே மூச்சு வாங்கியது.
ராத்திரி மூணு மணிக்குத்
தானாய்க் கண் திறந்துகொள்ளும்.
கீழ்த்தாடையில் வலி, சோற்றில் கல்லைக் கடித்ததுபோல.
காரைக்குடி பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து
"பல்லெல்லாம் நல்லா இருக்கும்மா" என்றார்.
சந்தோஷமாய் பஸ் ஏறினேன்.
நல்ல பல் ஏன் வலிக்கிறது என்று
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வாயு என்றாள் நாத்தனார், மோரில் பெருங்காயம் கரைத்து.
அந்த வயசு அப்படித்தான் என்றாள் எதிர்வீட்டு அடைக்கம்மை.
லோடு சீசன் என்றேன் நான்.
மூன்றும் பொருத்தமாய்த்தான் இருந்தன.

மாசியில் ஒரு வியாழன், பதினோரு மணி.
ஒரே லாரியின் நம்பரை மூன்று தரம் தப்பாய் அடித்தேன்.
முதுகில், தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே
யாரோ முழங்கையை ஊன்றினார்கள்.
குமட்டல். ஃபேனுக்கு அடியிலேயே
ஜாக்கெட் ஒட்டிக்கொள்ளும் வேர்வை.
நெஞ்சு?
சினிமாவில் ஆண்கள் பிடித்துக்கொண்டு சாயும் இடம்
எனக்குச் சும்மா இருந்தது.

"பத்து நிமிஷம் படுத்தாச் சரியாயிடும்."
தண்ணீர் பிடிக்க வந்த பஞ்சவர்ணம்
களம் கூட்டும் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.
"எங்க மதினியும் இதத்தான் சொல்லிப் படுத்துச்சு."
சோடாவுக்கு ஓடிய பையனைப் பிடித்து நிறுத்தி,
"சோடா வேணாம்டா, நூத்தியெட்டக் கூப்பிடு."

காரைக்குடி ஆஸ்பத்திரியில்
ஈசிஜி காகிதத்தைப் பிடித்தபடி டாக்டர் கேட்டார்:
"எப்ப ஆரம்பிச்சது?"
காலையில என்றேன்.
ஊசி ஏறும்போது திருத்திச் சொன்னேன்: தையில.

மதுரையில் ஸ்டென்ட் வைத்த பிறகு இன்னொருவர்:
"பிரசவத்துல பிரஷர் இருந்துச்சா?"
இருந்தது, ரெண்டாவதுக்கு, கால் வீங்கி.
அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தாறு.
நடுவில் என் கையில் யாரும் பட்டை சுற்றியதில்லை.
வீட்டில் மெஷின் உண்டு, அவருக்காக வாங்கியது.
காலை மாலை நான்தான் சுற்றுவேன், நோட்டில் எழுதுவேன்.
நாற்பது பக்கம் நிரம்பிய நோட்டு.
என் பெயர் அதில் எங்குமில்லை.

மாத்திரை, உப்புக் குறைப்பு, கண்மாய்க்கரை நடை,
இரண்டரை மாசம் கழித்து வேலைக்கு வந்தேன்.
மேஜை டிராயரில் ஒரு ரசீது.
ஆம்புலன்சும் மேடை ஏறித்தானே உள்ளே வர வேண்டும்;
புதுசாய்ச் சேர்ந்த ஆரோக்கியம்
பயத்திலோ பழக்கத்திலோ
உள்ளே வந்தபோது ஒரு எடை,
வெளியே போனபோது ஒரு எடை போட்டிருக்கிறான்.
சரக்கு: அக்கா.
நிகர எடை: 60.
கிழித்துப் போட மனசு வரவில்லை.

அந்த மெஷின் இப்போது பகலில் மில்லில் இருக்கிறது.
மூட்டை தைக்கிறவர்கள், உமி அள்ளுகிறவர்கள்,
சாப்பாட்டு நேரத்தில் சிலர் கை நீட்டுவார்கள்.
சிலர் சிரித்துக்கொண்டே நழுவுவார்கள்.
பஞ்சவர்ணம் கிட்டவே வரமாட்டாள்.
"எனக்கென்ன, கல்லுக்குண்டு."

நேற்று என்ன நினைத்தாளோ,
வளையலை மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள்.
நூற்று எழுபத்தாறு.

"மிசினு தப்பாக் காட்டுது. இன்னொருக்காப் போடுக்கா."

எல்லா டிரைவரும் சொல்வதுதான்.
ஐந்து நிமிஷம் அவளைப் பேசாமல் உட்காரவைத்து
இன்னொருக்காப் போட்டேன்.
நூற்று எழுபத்து நாலு.

அரை நாள் லீவு எழுதினேன்,
இரண்டு பேருக்கு.